நாற்பது தாண்டி மறுபடியும் நீச்சல்: எதை முதலில், எதை அப்புறம் செய்வது

நீச்சல் மறக்காது என்பது உண்மைதான். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. சின்ன வயதில் நன்றாக நீந்தியவர் பதினைந்து இருபது வருடம் கழித்து நீச்சல் குளத்தில் இறங்கினால் கையும் காலும் பழைய கணக்கில் ஓட ஆரம்பித்துவிடும், முதல் பதினைந்து மீட்டர் அருமையாகப் போகும், அதற்குள் கால் எட்டாத இடத்துக்கு வந்திருப்பார். அங்கே போனபிறகுதான் மூச்சு வாங்கும், தோள் கனக்கும். புதிதாகக் கற்றுக்கொள்பவர் பயத்தில் ஓரத்தை விட்டு நகரவே மாட்டார், அதனால் அவருக்கு இந்த ஆபத்து குறைவு.

காலை நேரத்தில் இப்படித் திரும்பி வருகிறவர்களோடு பல வருடமாகக் கூடவே நின்று பார்த்து வருகிறேன். தடுக்கும் இடங்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லோரும் தூரத்தைத்தான் முதலில் பிடிக்கப் பார்க்கிறார்கள். மூச்சு முதலில், அப்புறம் உடம்பு தண்ணீரில் கிடக்கும் விதம், அதன்பின் தூரம், கடைசியில் வேகம். இந்த வரிசை மாறக் கூடாது. முன்பு ஓரளவாவது நீந்தியவர்களுக்காக எழுதுகிறேன். நீச்சலே தெரியாதவர்கள் பயிற்சியாளர் ஒருவரோடுதான் தொடங்க வேண்டும்.

1. டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

"நீச்சலுக்குப் போகலாமா டாக்டர்?" என்று கேட்டால் "தாராளமாகப் போங்கள்" என்றுதான் பதில் வரும். அவர் மனதில் இருப்பது இதமாக மிதந்துவிட்டு வருவது. நீங்கள் செய்யப்போவது மூச்சு இரைக்கும் அளவுக்கான உழைப்பு. அதனால் "மூச்சு இரைக்கும் அளவுக்கு உழைக்கலாமா, நான் சாப்பிடும் மாத்திரைகள் அதற்கு ஒத்துவருமா?" என்று கேளுங்கள். பிரஷர், இதயம், சுகர், ஆஸ்துமா, வலிப்பு, காதுச் சவ்வில் ஓட்டை, சமீபத்திய அறுவை சிகிச்சை, பழைய தோள்பட்டைக் காயம் இவற்றில் எது இருந்தாலும் கேட்காமல் இறங்காதீர்கள்.

பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் சில மாத்திரைகள், குறிப்பாக பீட்டா பிளாக்கர் வகை, இதயத் துடிப்பை ஏற விடாது. போதாததற்கு தண்ணீருக்குள் இருக்கும்போது துடிப்பு இயல்பாகவே குறைவாக இருக்கும்; தரையில் அதே அளவு உழைக்கும்போது இருப்பதைவிட நிமிடத்துக்குச் சுமார் 10 துடிப்பு குறையும். ஆகவே கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி "இன்னும் கொஞ்சம் போகலாம்" என்று முடிவு செய்யாதீர்கள். பேச முடிகிறதா இல்லையா என்பதுதான் நம்பகமான அளவு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்சுலின் அல்லது சுகரை வேகமாக இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். சுகர் தாழ்ந்துபோவதற்கான அறிகுறிகள் வியர்வையும் நடுக்கமும். தண்ணீரில் வியர்வை தெரியாது, நடுக்கம் குளிரால் வருவது என்று நினைத்துக்கொள்வீர்கள். இறங்குவதற்கு முன் சோதித்துவிடுங்கள், குளுக்கோஸை கைக்கு எட்டும் தூரத்தில் கரையிலேயே வையுங்கள், நீந்தி முடித்துப் பல மணி நேரம் கழித்தும் சுகர் இறங்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். ஆஸ்துமாக்காரர்களின் இன்ஹேலரும் லாக்கரில் இருந்து பயனில்லை, கரையில்தான் இருக்க வேண்டும். வலிப்பு கட்டுப்பாட்டில் இருந்தாலும் தனியாக நீந்தக் கூடாது. லைஃப்கார்டிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

2. குளத்தையும் பொருட்களையும் தேர்ந்தெடுப்பது

குளத்தில் மூன்று விஷயம் பாருங்கள்: நின்றால் தண்ணீர் நெஞ்சளவு வரும் ஆழம் குறைந்த பகுதி, வேலை நேரம் முழுக்கக் கண் வைத்திருக்கும் லைஃப்கார்டு, கூட்டம் குறைவான ஒரு நேரம். தண்ணீரின் வெப்பம் 27, 28 டிகிரி செல்சியஸ் இருந்தால் தொடக்கத்துக்கு நல்லது. அதைவிடக் குளிராக இருந்தால் தசை இறுகும், மெதுவாக நீந்துகிறவருக்கு உடம்பு சூடாகவே நேரம் பிடிக்கும்.

நீச்சல் கண்ணாடி வாங்கும்போது பட்டியை மாட்டாமல் கண் குழியில் மெல்ல அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஓரிரு நொடியாவது ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தும். பொருந்தாத கண்ணாடியைப் பட்டியை இறுக்கித்தான் பலரும் சமாளிக்கிறார்கள், அது தலைவலியில்தான் முடியும். உள்பக்கத்தை விரலால் துடைக்காதீர்கள், பனி படராமல் தடுக்கும் பூச்சு போய்விடும். பார்வைக் குறை உள்ளவர்களுக்கு பவர் போட்ட நீச்சல் கண்ணாடி கிடைக்கிறது. சுவர்க் கடிகாரமும் எதிரே வருகிறவரும் தெளிவாகத் தெரிந்தாலே பாதி பதற்றம் குறைந்துவிடும். கான்டாக்ட் லென்ஸோடு மட்டும் இறங்காதீர்கள். தண்ணீரில் வாழும் ஒருவகை அமீபா லென்ஸுக்கு அடியில் தங்கிக் கருவிழியைக் கெடுத்துவிடக் கூடியது, அதற்கான சிகிச்சையும் நீண்டது.

உடை உடம்போடு ஒட்டியதாக இருக்கட்டும். தொளதொள அரைக்கால் சட்டை தண்ணீரைப் பிடித்து இழுக்கும். தொப்பி, வழுக்காத செருப்பு, குடிக்கத் தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். குளத்திலும் வியர்க்கும், தண்ணீருக்குள் இருப்பதால் தாகம்தான் தெரியாது.

3. இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே தோளைத் தயார் செய்யுங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. அதனால்தான் ஆசையாகத் தொடங்குகிறவர்களில் பலர் மூன்றாவது நான்காவது வாரத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள்.

வருடக்கணக்கில் மேஜை முன் குனிந்து உட்கார்ந்தவருக்கு மார்புத் தசை சுருங்கியிருக்கும், முதுகின் மேல்பகுதி திரும்பாது. கை தலைக்கு மேலே போக வேண்டும் என்றால் தோள் மூட்டுதான் அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டியிருக்கும். தோளின் கூரை எலும்புக்கும் கை எலும்பின் தலைக்கும் நடுவே குறுகலான இடத்தில் ஒரு தசைநார் ஓடுகிறது. கையைச் சுழற்றும்போதெல்லாம் அது அங்கே உரசும். இருபது வயதில் தாங்கியது நாற்பத்தைந்தில் தாங்காது, வயதோடு தசைநார்கள் இயல்பாகவே தேய்கின்றன.

சோதித்துப் பாருங்கள். சுவரில் முதுகை ஒட்டி நின்று, முழங்கையை மடக்காமல் இரண்டு கைகளையும் முன்பக்கமாக மேலே தூக்குங்கள். இடுப்பு சுவரைவிட்டு வளையாமல் கட்டைவிரல்கள் சுவரைத் தொட்டால் சரி. தொடவில்லை என்றாலோ தொடும்போது இடுப்பு முன்னால் வளைந்தாலோ கீழே உள்ளவற்றை வாரத்தில் நான்கைந்து நாள் செய்யுங்கள், பத்து நிமிடம் போதும்.

ஒன்று, அதே சுவரில் முன்கைகளை ஒட்டிவைத்து மெல்ல மேலே தேய்த்துக்கொண்டு போய் இறக்குவது. இரண்டு, ஒருக்களித்துப் படுத்து, முட்டிகளை மடக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, மேல் கையை மறுபக்கம் தரைவரை விரித்துத் திருப்புவது, இது முதுகுக்கு. மூன்று, ரப்பர் பட்டையைப் பிடித்து முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் இழுப்பது. இது தோள் மூட்டைப் பிடித்து நிறுத்தும் சிறு தசைகளுக்கு. வலித்தால் நிறுத்துங்கள், லேசான இழுப்பு மட்டும் இருக்கலாம். இதோடு தினமும் வேக நடை சேர்த்துக்கொண்டால் மூச்சும் கொஞ்சம் பழகியிருக்கும்.

4. முதல் நாள்: நீளத்துக்கு நீந்த வேண்டாம்

முதல் நாள் இருபது நிமிடம் போதும், அதில் ஒரு முழு நீளம்கூட நீந்த வேண்டாம். இதைச் சொன்னால் எல்லோருக்கும் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் குளத்தின் நடுவில் மூச்சு முட்டினால் உங்களைக் காப்பாற்றப்போவது நீங்கள் போடும் ஸ்ட்ரோக் (நீச்சல் முறை) இல்லை, மல்லாந்து மிதக்கத் தெரிவதுதான். அதை முதலில் திரும்பப் பெற வேண்டும்.

ஷவரில் நன்றாகக் குளித்துவிட்டு, ஏணி வழியாக இறங்குங்கள். குதிக்க வேண்டாம். திடீரென்று குளிர் பட்டால் மூச்சு இழுத்துக்கொள்ளும், பிரஷரும் ஏறும். நெஞ்சளவுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் அங்கும் இங்கும் நடங்கள், கைகளை நீருக்குள்ளேயே வீசுங்கள்.

அப்புறம் வரிசையாக: முகத்தை நீரில் வைத்துக் குமிழி விடுவது. குப்புற மிதப்பது. மிதந்த நிலையிலிருந்து நின்று காட்டுவது. மல்லாந்து மிதப்பது. குப்புற இருந்து மல்லாந்து புரள்வது. ஓரத்துக்குக் கை எட்டும் தூரத்தில், கால் எட்டாத இடத்தில், நின்ற நிலையில் கையைத் துழாவி ஒரு நிமிடம் மிதப்பது.

மிதந்த நிலையிலிருந்து நிற்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். தலையை முதலில் தூக்கினால் கால் தரையைத் தொடுவதற்குள் முகம் மறுபடி நீருக்குள் போகும். முட்டிகளை நெஞ்சுப் பக்கம் இழுங்கள், இரண்டு கைகளாலும் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்துங்கள், பாதம் தரையைத் தொட்டபிறகு தலையைத் தூக்குங்கள். இது பதற்றமில்லாமல் வரும்வரை ஆழத்துக்குப் போகாதீர்கள், ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

5. மூச்சு: முதல் இரண்டு வாரத்தின் முழு வேலை

திரும்பி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது "எனக்கு ஸ்டாமினா போயிடுச்சு" என்பதுதான். பாதி நேரம் அது ஸ்டாமினா இல்லை. மூச்சை வெளியே விடாமல் நீந்துகிறார்கள்.

மூச்சு வேண்டும் என்று உடம்பு தவிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஆக்சிஜன் குறைவது இல்லை, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேருவது. முகம் நீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கி வைத்திருந்தால் அது சேர்ந்துகொண்டே போகும். தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடிக்குள் பழைய காற்றை வெளியே விட்டு, புதுக் காற்றையும் இழுக்க வேண்டும். இரண்டும் அரைகுறையாகும். நான்கைந்து முறை இப்படி நடந்தால் போதும், நெஞ்சு நிறையக் காற்று இருந்தும் மூச்சு முட்டும்.

கடந்த மழைக்காலத்தில் ஐம்பது தாண்டிய ஒருவர் புதிதாக வந்தார். கைவீச்சு அழகாக இருந்தது, பள்ளி நாளில் போட்டிக்கெல்லாம் போனவர் என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு 25 மீட்டர் முடிவிலும் சுவர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, நிமிடக்கணக்கில் பேச முடியாமல் நின்றார். பக்கத்து லேனில் நீருக்குள் இருந்து பார்த்தேன்: முகத்தைச் சுற்றி ஒரு குமிழிகூட இல்லை. கன்னம் உப்பியிருந்தது. "சார், தலை உள்ளே இருக்கும்போது 'ம்ம்ம்' என்று சத்தம் போட்டுக்கொண்டே நீந்துங்கள்" என்றேன். முதல் முறை சிரிப்பு வந்து தண்ணீர் குடித்தார். அடுத்தடுத்து முயன்றதில் மூக்கிலிருந்து குமிழி வரிசையாக வர ஆரம்பித்தது, சுவரில் நிற்கும் நேரம் அன்றைக்கே கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. அவருடைய நுரையீரல் அரை மணி நேரத்தில் மாறிவிடவில்லை.

பழகும் முறை இது. சுவரைப் பிடித்து நின்று முகத்தை வைத்து 'ம்ம்ம்' என்று மூன்று நொடி விடுங்கள், தலையைப் பக்கவாட்டில் திருப்பி வாயால் காற்றை வாங்குங்கள், மறுபடி முகம் உள்ளே. இருபது முறை, அவசரமில்லாமல். மூச்சை ஊதித் தள்ளத் தேவையில்லை, தொடர்ந்து கசிய விட்டாலே போதும். முகம் வெளியே வருவதற்குச் சற்று முன்பு மீதியை மொத்தமாக விட்டுவிடுங்கள். பிறகு அதையே குப்புற மிதந்து, காலை அடித்துக்கொண்டு பத்து மீட்டர். அதன் பிறகுதான் கையைச் சேர்க்க வேண்டும்.

தொடக்கத்தில் இரண்டு கைவீச்சுக்கு ஒரு மூச்சு எடுங்கள். மூன்றுக்கு ஒரு முறை எடுத்தால் இரு பக்கமும் சமமாகும் என்று யாராவது சொல்வார்கள், சரிதான், ஆனால் அது மூன்றாவது மாதத்துக்கான பாடம். இப்போது காற்றுதான் முக்கியம். அதற்குப் பதில் ஒரு நீளம் வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம் என்று மாற்றி எடுத்தால் கழுத்தும் தோளும் ஒருபக்கமாக இழுக்காது.

ஒரு எச்சரிக்கை. பழைய நினைவில் நீருக்கடியில் எவ்வளவு தூரம் போகிறேன் பார் என்று மூச்சடக்கிப் போட்டி போடாதீர்கள். அதிலும் முன்கூட்டியே வேக வேகமாக மூச்சை இழுத்துவிட்டு முங்குவது உயிருக்கே ஆபத்து. அப்படிச் செய்தால் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடுவதால் தவிப்பே வராமல் நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

6. உடம்பு தண்ணீரில் படுக்கையாகக் கிடக்க வேண்டும்

மூச்சு ஒழுங்கான பிறகும் கால் கீழே தொங்குகிறதா? தலையைப் பாருங்கள். தலை உயர்ந்தால் இடுப்பு தாழும், இடுப்பு தாழ்ந்தால் காலை வேகமாக அடித்துத்தான் மிதக்க முடியும், காலின் பெரிய தசைகளோ ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்துவிடும். இப்படித்தான் 25 மீட்டரில் ஆள் ஓய்ந்துபோகிறார்.

குப்புறக் கிடந்து கைகளை மாறி மாறி வீசும் ஃப்ரீஸ்டைலில் கண் குளத்தின் தரையைப் பார்க்கட்டும், எதிர்ச் சுவரை அல்ல. முன்பெல்லாம் நிறையப் பேருக்கு முன்னால் பார்த்து நீந்தத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அந்தப் பழக்கம் விடாமல் கூடவே வரும். நெஞ்சை லேசாக நீருக்குள் அழுத்துவதுபோல் வைத்தால் இடுப்பு தானாக மேலே வரும். மூச்சுக்குத் தலையைத் தூக்காமல் உடம்போடு சேர்த்து உருட்டுங்கள். ஒரு கண் நீருக்குள்ளேயே இருந்தால் சரியாகத் திருப்பியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். உடம்பு இரண்டு பக்கமும் உருள வேண்டும். தட்டையாகப் படுத்து நீந்தினால் தோள் மட்டுமே எல்லா வேலையும் செய்யும்.

காலை முட்டியிலிருந்து உதைக்காமல் இடுப்பிலிருந்து மெல்ல அசையுங்கள். கணுக்கால் தளர்வாக இருக்கட்டும்.

7. முதல் ஆறு வாரம்: 25 மீட்டர் துண்டுகள்

வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் நீந்துவதைவிட அரை மணி நேரம் மூன்று முறை வருவது பல மடங்கு நல்லது, தண்ணீரின் பிடி கைக்கு விட்டுப்போகாது, தசைநாருக்கும் ஆற நேரம் கிடைக்கும்.

தொடங்கும்போது மொத்தம் 200 மீட்டர்: எட்டு முறை 25 மீட்டர். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு முழு வாக்கியத்தைத் தடையில்லாமல் பேச முடியும்வரை ஓய்வு. கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், 30 நொடியோ இரண்டு நிமிடமோ ஆகட்டும். ஒவ்வொரு துண்டும் நல்ல வடிவத்தில் நீந்தப்பட வேண்டும், அதற்காகத்தான் துண்டு. நிறுத்தாமல் 200 மீட்டர் போனால் கடைசி 100 மீட்டர் தப்பான நீச்சலைத்தான் பழகிக்கொண்டிருப்பீர்கள்.

குளத்தின் ஒரு முனை ஆழமாக இருந்து பயமாக இருந்தால், ஆழம் குறைந்த பக்கத்தில் குறுக்காக நீந்துங்கள். இல்லையென்றால் சுவரை ஒட்டிய லேனை எடுங்கள்.

மூன்றாவது வாரம் பத்துப் பன்னிரண்டு துண்டு. நான்காவதில் நடுவே இரண்டு முறை 50 மீட்டர். ஆறாவது வார முடிவில் 500 மீட்டர் அளவுக்கு வந்தால் நல்ல முன்னேற்றம், வராவிட்டாலும் குறையில்லை. ஒரு விதி மட்டும் மாறக் கூடாது: ஒரே வாரத்தில் தூரத்தையும் கூட்டி ஓய்வையும் குறைக்காதீர்கள். ஏதாவது ஒன்றுதான். இரண்டையும் மாற்றிவிட்டுத் தோள் வலித்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒரு நீளத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணி வையுங்கள். களைப்பில் வடிவம் கெட ஆரம்பித்தால் எண்ணிக்கை இரண்டு மூன்று கூடும். அப்படிக் கூடி, ஓய்வுக்குப் பிறகும் இறங்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், கரையேறுங்கள்.

லேனில் மற்றவர்கள் இருந்தால் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறார்கள் என்று நின்று பார்த்துவிட்டு இறங்குங்கள். சுவரில் நிற்கும்போது மூலையில் ஒதுங்கி நில்லுங்கள், பின்னால் வருகிறவர் காலைத் தொட்டால் அடுத்த சுவரில் அவருக்கு வழி விடுங்கள். வேகமான லேனில் இருந்தால் பின்னால் ஆள் வருகிற பதற்றத்தில் மூச்சு மறுபடி கெட்டுப்போகும், மெதுவான லேனிலேயே இருங்கள்.

8. எந்த ஸ்ட்ரோக், எதில் கவனம்

ஃப்ரீஸ்டைலில் தோளைக் கெடுக்கும் தவறுகள் இரண்டு. கட்டைவிரல் முதலில் நீரைக் குத்தும்படி உள்ளங்கையை வெளியே திருப்பிப் போடுவது முதலாவது. பழைய முறையில் கற்றவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் போடுகிறார்கள். தோளை உள்பக்கமாக முறுக்கி அந்தக் குறுகலான இடத்தை இன்னும் நெருக்கும். விரல் நுனிகள் முதலில், உள்ளங்கை கீழ்நோக்கி நுழையட்டும். கை தலைக்கு முன்னால் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போவது அடுத்தது. உங்கள் தோளுக்கு நேர் எதிரே கை நுழைய வேண்டும். கைகள் அகலமாகப் போவதுபோல் முதலில் தோன்றும், பெரும்பாலும் அதுதான் சரியான இடம்.

தவளைபோல் நீந்தும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் மூச்சுக்கு எளிது, முட்டிக்கு எளிதில்லை. சாட்டைபோல் காலை வெளியே சுழற்றி உதைக்கும்போது முட்டியின் உள்பக்கத்தில் எலும்புகளை இணைக்கும் நாரில் இழுவிசை விழும். முட்டி தேய்மானம் உள்ளவர்கள் குறுகலாக உதைக்கட்டும், வலித்தால் விட்டுவிடட்டும். தலையை முழுநேரமும் வெளியே வைத்துக்கொண்டு நீந்துவது கழுத்தையும் அடிமுதுகையும் பிடித்துக்கொள்ளும். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது கூடவே கூடாது. முகத்தை நீரில் வைத்து, எழும்பும்போது மட்டும் மூச்சு எடுங்கள்.

நடுத்தர வயதில் என் முதல் பரிந்துரை மல்லாந்து நீந்தும் பேக் ஸ்ட்ரோக். மூச்சுக்குத் தடையில்லை, மேஜை முன் சுருங்கிய மார்பு விரியும், இரண்டு ஃப்ரீஸ்டைல் துண்டுக்கு நடுவே ஒன்றைப் போட்டால் உழைத்துக்கொண்டே ஓய்வும் கிடைக்கும். தலை சுவரில் மோதிவிடும் பயம் இருந்தால், மேலே கட்டியிருக்கும் கொடிகள் சுவரிலிருந்து 5 மீட்டர் தூரத்தில் இருக்கும், கொடி கடந்தபிறகு எத்தனை வீச்சில் சுவர் வருகிறது என்று ஒருமுறை எண்ணிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் ஒன்றாக வீசும் பட்டர்ஃபிளையை இந்த வருடம் மறந்துவிடுங்கள்.

9. கிக்போர்டும் மற்றவையும்

கிக்போர்டு என்னும் மிதவைப் பலகையை எல்லோரும் முதலில் கையில் எடுக்கிறார்கள், கையை நீட்டிப் பிடித்துத் தலையைத் தூக்கிக்கொண்டு கால் அடிக்கிறார்கள். தோளும் அடிமுதுகும் இரண்டும் வலிக்க இது ஒன்று போதும். பலகை இல்லாமல் ஒருக்களித்து, கீழ்க்கையை நீட்டி, கால் அடிப்பது மேல். உடம்பை உருட்டவும் இதிலேயே பழகிவிடலாம். தொடைகளுக்கு நடுவே வைக்கும் மிதவை காலைத் தூக்கிக்கொடுப்பதால் மூச்சைப் பழக உதவும், ஆனால் அதிலேயே முழு நேரமும் நீந்தினால் தோளுக்குச் சுமை கூடும். உள்ளங்கையில் மாட்டும் பலகைகளைத் தொடவே வேண்டாம். குட்டைத் துடுப்புக் காலணி நல்லது, கணுக்கால் இறுகியவர்களுக்கு ரொம்பவே உதவும்.

10. சதைப்பிடிப்பும் கரையேறுவதும்

பாதத்தை நீட்டியே கால் அடிப்பதால் கெண்டைக்காலும் உள்ளங்காலும் பிடித்துக்கொள்ளும். ஆழத்தில் பிடித்தால் உடனே மல்லாந்துவிடுங்கள், கையை மட்டும் அசைத்து ஓரத்துக்கு வாருங்கள். பிறகு முட்டியை நேராக வைத்து, கால் விரல்களை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். விட்டபின்னும் அன்றைக்கு வேகமாகச் சுவரை உதைத்துக் கிளம்பாதீர்கள்.

முடிக்கும்போது கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நீந்துங்கள் அல்லது நடங்கள். நீருக்குள் இருக்கும்வரை தண்ணீரின் அழுத்தம் காலிலிருந்து ரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். சட்டென்று ஏறி நின்றால் அது காலுக்கு இறங்கி, பிரஷர் தாழ்ந்து, தலை சுற்றும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம். ஏணியில் ஒரு படி, ஒரு மூச்சு, அடுத்த படி. ஏறியதும் கொஞ்சம் உட்காருங்கள். உடனே கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நிற்காதீர்கள், அதிலும் ரத்தக்குழாய் விரிந்து மயக்கம் வரும்.

காதைத் துணியால் வெளியே மட்டும் ஒற்றி எடுங்கள், பட்ஸ் விடாதீர்கள். நீந்தி முடித்தபின் நல்ல பசி எடுக்கும், அதை எதிர்பார்த்து ஏதாவது கையோடு கொண்டுபோவது நல்லது. எலும்புக்காகத்தான் நீந்துகிறேன் என்று நினைப்பவர்கள், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்கள், ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: தண்ணீர் உடம்பின் எடையைத் தாங்கிவிடுவதால் நீச்சல் எலும்பை அவ்வளவாக வலுப்படுத்தாது. நடையும் எடை தூக்கும் பயிற்சியும் தனியாக வேண்டும்.

11. எந்த வலியில் நிறுத்துவது

தசை முழுக்கப் பரவிய மந்தமான வலி, அடுத்த நாள் தெரிந்து அதற்கடுத்த ஓரிரு நாளில் போய்விட்டால், அது பழக்கமின்மை. தோளின் முன்பக்கமோ மேலேயோ ஒரே புள்ளியில் குத்துவது, கையைத் தூக்கும்போது ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டும் சுளீர் என்பது, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாதது, இவை வேறு. கை வீசுவதை நிறுத்திவிட்டு நீரில் நடை, கால் பயிற்சி என்று மாறுங்கள். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நீந்திச் சரியான தோளை நான் பார்த்ததே இல்லை.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, ஓய்வெடுத்தும் அடங்காத படபடப்பு என்றால் உடனே லைஃப்கார்டைக் கூப்பிடுங்கள். இன்னொன்று பலருக்கும் தெரியாது: நீந்தும்போதோ முடித்தவுடனோ இருமல் விடாமல் வந்து, நுரையோ இளஞ்சிவப்புச் சளியோ வந்தால் அது தண்ணீர் குடித்ததால் வருவது என்று விட்டுவிடாதீர்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கலாம். குளிர்ந்த நீரிலும் பிரஷர் உள்ளவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். நேராக மருத்துவமனை.

12. தூரமும் வேகமும், அப்புறம் திறந்த நீர்

நிறுத்தாமல் 400 மீட்டர், முடித்தவுடன் பேச முடிகிற நிலையில், தோள் வலி இல்லாமல் வருகிறதா? அப்போது வேகத்தைத் தொடலாம். அதுவும் துண்டாகத்தான்: நான்கு முறை 25 மீட்டர் கொஞ்சம் வேகமாக, நடுவில் தாராளமான ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் மட்டும். பழைய பள்ளி நாள் நேரத்தோடு ஒப்பிடாதீர்கள். ஆறு வாரம் முன்பு குறித்துவைத்த உங்கள் கைவீச்சு எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.

ஏரி, ஆறு, கடல் ஆசை எல்லோருக்கும் வரும். அங்கே சுவர் கிடையாது, தரை தெரியாது, நீரோட்டம் உண்டு. குளத்தில் நிம்மதியாக ஒரு கிலோமீட்டர் போக முடிகிறவர் அங்கே 300 மீட்டரில் தொடங்கட்டும், கரையை ஒட்டி, பக்கத்தில் ஒருவரோடு, இடுப்பில் கட்டும் பளிச்சென்ற நிற மிதவையோடு. தனியாக ஒருபோதும் வேண்டாம்.

13. நடுவில் விட்டுப்போனால்

விட்டுப்போகும். காய்ச்சல், வேலை, வீட்டில் விசேஷம், ஏதாவது வரும். ஒரு வாரம் விட்டால் விட்ட இடத்திலேயே தொடரலாம். மூன்று வாரத்துக்கு மேல் என்றால் பாதித் தூரத்துக்கு இறங்குங்கள், முதல் நாள் சுவரைப் பிடித்து இருபது மூச்சில் தொடங்குங்கள். மாதக்கணக்கில் விட்டிருந்தால் மூன்றாம் படிக்கே, அந்தச் சுவர்ச் சோதனைக்கே திரும்புங்கள். காய்ச்சலுக்குப் பிறகு வருகிறவர்கள், காய்ச்சல் விட்டு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காத நிலைக்கு வந்தபிறகு இறங்குங்கள்.